டோபிச் சாடியின் குலமுறை

ஒரு பழைய மட்சாடியைக் கையிலெடுத்து, “நீ பிறந்த ஊர் யாது? நின் உடல் எம்மண்ணால் ஆயது? நின்னை ஆக்கியோன் யாவன்?” என்று வினவினால் அது வாய்திறந்து விடை பகராது. ஆயினும் அது முற்றும் ஊமையும் அன்று. அதன் அடியும் அகமும், எடையும் ஓசையும், மெருகின் நிறமும் தத்தமக்குத் தெரிந்தவற்றைச் சான்றாய்க் கூறிக்கொண்டே இருக்கின்றன. அச்சான்றுகளை வினவும் முறை அறியாதார் அடியிற் பொறித்த பெயர் ஒன்றையே நம்பிப் பெருவிலை கொடுப்பர், பின்னர் வருந்துவர். இக்கட்டுரையில் யாம், மனித உருவமாய்ச் செய்யப்பட்ட ஆங்கிலச் சாடி வகை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ஊரையும் பொருளையும் அறியும் வழிகளை எம் அறிவிற்கு எட்டிய அளவில் விளக்கப் புகுகின்றோம்.

அச்சாடிக்கு டோபிச் சாடி என்று பெயர். பருத்த மேனியன் ஒருவன் சிறு இருக்கையொன்றில் அமர்ந்திருப்பான். முழங்காலளவு இறங்கிய காற்சட்டையும், நீண்ட மேலங்கியும், மும்முனைத் தொப்பியும் அணிந்திருப்பான். அவன் கையொன்று முழங்காலின்மேல் நிறுத்திய சிறு சாடியைப் பற்றியிருக்கும். அச்சிறு சாடியின் வாயில் நுரை பொங்கும். மற்றைக் கையிற் கோப்பையேனும் புகைக்குழலேனும் இருக்கும். தொப்பியின் முனையே மது வார்க்கும் மூக்கு. முதுகின் புறத்தே கைப்பிடி. தலையுச்சியில் உள்ள வாயை மூட ஒரு சிறு மூடியும் உண்டு. அதனைக் கவிழ்த்தால் குடிக்குங் கிண்ணமாம். உயரம் பெரும்பாலும் 10 அங்குலத்தை ஒட்டியிருக்கும். சாடியே சாடியொன்றைத் தாங்கி அமர்ந்திருக்கும் இவ்வேடிக்கைதான் ஆங்கில மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது போலும். குடியை வெறுக்குங் குடும்பங்களிற் பிறந்த எம்மனோர்க்கும் அம்முகத்தைக் கண்டவுடன் நகை தோன்றாமற் போவதில்லை.

இப்பெயர் வந்த வரலாற்றைப் பலர் பலவாறு கூறுவர். ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ என்னும் நாடகத்தில் வரும் சர் டோபி பெல்ச் என்னும் குடியனால் வந்தது என்பர் ஒரு சாரார். மற்றொரு சாரார், 1761-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பாக்ஸ் என்பார் இலத்தீன் மொழிப் பாட்டொன்றைத் தழுவி வெளியிட்ட ‘பழுப்புச் சாடி’ என்னும் பாட்டினைக் காட்டுவர். அப்பாட்டின் தலைவன் டோபி பில்பாட். குடித்துக் குடித்துப் பருத்து மாண்ட அவன் உடல் நெடுங்காலம் நிலத்திற் கிடந்து களிமண்ணாயிற்றாம்; குயவன் ஒருவன் அம்மண்ணைத் தோண்டியெடுத்துப் பழுப்புச் சாடியொன்று வனைந்தானாம். யார்க்ஷயரைச் சேர்ந்த ஹாரி எல்வீஸ் என்னும் பெருங்குடியரே இப்பட்டப்பெயர்க்கு உரியவர் என்றுங் கூறுவர். இலண்டனில் காரிங்டன் பௌல்ஸ் என்னும் படவணிகர் டோபி பில்பாட்டின் உருவத்தை அச்சிட்டு விற்றார். 1783-இல் ஜான் ஓகீப் இயற்றிய இசைநாடகமொன்றிலும் அப்பாட்டு இடம்பெற்று எங்கும் பரவிற்று. இவ்விரண்டனுள் பாட்டின் பக்கமே யாம் சார்கின்றோம். சாடிகள் தோன்றிய காலமும் பாட்டு வெளிவந்த காலமும் அடுத்தடுத்து நிற்றல் ஒன்று. மனிதன் மண்ணாகி, மண் சாடியாகி, சாடி மீண்டும் மனிதனாய் அமர்ந்தான் என்னும் கற்பனை இவ்வுருவத்திற்கே அளவெடுத்துத் தைத்தாற்போற் பொருந்துதல் மற்றொன்று.

இனி ஊரைப் பற்றிச் சிறிது கூறுவாம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாபர்ட்ஷயர் என்னும் நாட்டுப்பகுதி உளது. அதன் வடபாலிற் டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், பெண்டன், லாங்டன் என ஆறு குயத்தொழில் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்தன. 1910-இல் இவையாறும் இணைந்து ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் என்னும் ஒரே நகராட்சியாயின. நிலத்தடியில் நிலக்கரியும் களிமண்ணும் அருகருகே கிடைத்தமையே அவ்வூர்களின் ஆக்கத்திற்கு முதற்காரணம். ஆனால் அவ்வூர்க் களிமண் சிவந்தும் பழுத்தும் சுடுவது. வெண்கலம் வேண்டுமாயின் வெண்மண் வேண்டும். அவ்வெண்மண்ணை டெவன், டார்செட் முதலிய தென்பகுதிகளிலிருந்து வருவித்தனர். 1720-ஆம் ஆண்டளவிலிருந்து சக்கிமுக்கிக் கல்லைச் சுட்டுப் பொடித்து மண்ணொடு கலக்குங் கை வழக்கிற்கு வந்தது. கலம் அதனால் வெண்மையும் உறுதியும் பெற்றது. 1775-க்குப் பின்னர்க் கார்ன்வால் நாட்டு வெண்களிமண்ணும் இவ்வூர்க் குயவர்க்குக் கிடைப்பதாயிற்று. 1766-இல் வெட்டத்தொடங்கி 1777-இல் முற்றுவித்த டிரெண்ட்-மெர்சிக் கால்வாய் இம்மண்ணையும் கல்லையும் உள்ளே கொணர்ந்தது; சுட்ட கலங்களை உடையாமல் வெளியே கொண்டுசென்றது. டோபிச் சாடி 1760-ஐ அடுத்த ஆண்டுகளில் இந்நிலத்தே பிறந்தது. பிறந்தபின் ஆங்குமட்டும் நில்லாது யார்க்ஷயர், ஸ்காட்லாந்து, அமெரிக்கா, பிற்காலத்தே ஜப்பான் எனப் பல இடங்களிற் பரவிற்று. ஆதலின் ‘டோபி’ என்றவுடன் ‘ஸ்டாபர்ட்ஷயர்’ என்று விடைகூறுதல், நாமம் இட்டாரையெல்லாம் ஒரே ஊரார் என்பது போலாகும்.

சாடியின் உடல் எப்பொருளால் ஆயது என்பதே முதலில் ஆராயத்தக்கது. பெயரை மாற்றலாம், வண்ணத்தை மாற்றலாம், மண்ணை மாற்றல் இயலாது. சுட்ட கலங்களை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது மட்கலம். இது நுண்டுளைகளை உடையது, மெருகில்லா இடத்தில் நீரை உறிஞ்சும், ஒளி ஊடுருவாது, விரலாற் சுண்டினால் மழுங்கிய ஓசை தரும். இரண்டாவது கன்மட்கலம். இது 1,200 பாகை சென்டிகிரேடும் அதற்கு மேலுமான வெம்மையிற் சுடப்பட்டுக் கல்லைப்போல் இறுகியது, நீரை உறிஞ்சாது. நம் வீடுகளில் மேற்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெண்மையுமாய் நிற்கும் ஊறுகாய்ச் சாடி இவ்வினத்தைச் சேர்ந்ததே. மூன்றாவது பீங்கான். மெல்லிய இடத்தின் பின்னே விளக்கை வைத்தால் ஒளி கசிந்து தோன்றும். சுண்டினால் மணியொலி கேட்கும். ஆங்கிலப் பீங்கானிற் பாதியளவு எலும்புச் சாம்பல் கலந்திருக்கும். ஸ்டோக் நகரத்து ஜோசையா ஸ்போடின் தொழிற்சாலை 1790-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனை நிலைபெறச் செய்தது. ஆதலின் ஒளி ஊடுருவும் எலும்புப் பீங்கான் டோபி ஒன்றை எவரேனும் ‘1770-ஆம் ஆண்டினது’ என்று கூறின், மேற்கொண்டு வினவ வேண்டுவதில்லை.

பழைய டோபிகள் பெரும்பாலும் மட்கலங்களே. அவற்றுள்ளும் உட்பிரிவு உண்டு. அதனைக் காட்டிக்கொடுப்பது மெருகு. மெருகு என்பது கலத்தின்மேற் படர்ந்த கண்ணாடித் தோல். அக்காலத்து மெருகு ஈயங் கலந்தது. அது பாலேட்டின் மங்கிய மஞ்சளாய் இருப்பின் அக்கலத்தைக் கிரீம்வேர் என்பர். ஜோசையா வெட்ஜ்வுட் இதனைத் திருத்தி 1765-இல் சார்லட் அரசியார்க்கு வழங்கியபின் ‘அரசியார் கலம்’ என்னும் பெயரும் பெற்றது. பின்னர் மக்கள் சீனப் பீங்கானின் நீலங்கலந்த வெண்மையை விரும்பினர். வெட்ஜ்வுட் 1779-இல் முத்து வெண்மை என்று பெயரிட்ட கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். மெருகிற் சிறிதளவு கோபால்ட்டு சேர்த்து மஞ்சளை மறைத்தனர். நம் வீட்டு வேட்டிக்கு நீலம் போடும் வினை எவ்வாறோ அவ்வாறே இது. இவ்வேறுபாட்டைக் காண வேண்டுமாயின் சாடியின் முகத்தை நோக்கற்க. அடிவிளிம்பையும் கைப்பிடி பொருந்திய மூலையையும் நோக்குக. மெருகு தேங்கி நிற்கும் அவ்விடங்களில் நிறம் செறிந்திருக்கும். தேங்கிய நிறம் மஞ்சளோ பச்சையோ கலந்ததாயின் கிரீம்வேர். நீலமாயின் முத்து வெண்கலம். முத்து வெண்கலமெனத் தெளிந்தால் அதன் பிறப்பு 1775-க்கு முற்பட்டதாதல் அரிது.

வண்ணமும் காலங் காட்டும். மிக முற்பட்ட டோபிகளில் நிறத்தை மெருகிலேயே கலந்தனர்: மாங்கனீசினாற் பழுப்பும் ஊதாவும், செம்பினாற் பச்சை, கோபால்ட்டினால் நீலம், இரும்பினால் மஞ்சள். சூளையில் இவை இளகி ஒன்றன்மேலொன்று வழிந்திருக்கும். மேலங்கியின் பச்சை காற்சட்டையின் மஞ்சளில் மெல்ல இறங்கியிருக்கும். அவ்வழிவின் அழகைக் கண்டார் பிற்கால டோபிகளின் அழுத்தமான வண்ணத்தை விரும்பார். எமது கருத்தும் அதுவே. 1780 முதல் ஏறத்தாழ 1840 வரை மெருகிற்கு அடியில் வண்ணந் தீட்டும் முறை பரவிற்று. காவியும் கருநீலமும் அழுத்தமான பச்சையும் பழுப்புமே ஆண்டுப் பெரும்பான்மை. மிகுந்த வெம்மையைத் தாங்கவல்ல நிறங்கள் சிலவே ஆதலின் என்க. இவ்வகையைப் பிராட்வேர் என்பர். மெருகின்மேல் எனாமல் வண்ணந் தீட்டி மீண்டும் மெல்லிய சூட்டிற் சுடும் முறையில் இளஞ்சிவப்பு முதலிய மென்னிறங்களும் கைகூடின. ஆனால் அவ்வண்ணம் விரலுக்குத் தட்டுப்படும், நாளடைவில் உதிரவுஞ் செய்யும்.

கன்மட்கலத்தாலும் உருவச் சாடிகள் உண்டு. அவற்றின் குலம் டோபியினும் பழையது. ஜெர்மனி நாட்டுக் கொலோன் நகரத்தைச் சூழ்ந்த பிரெக்கன் முதலிய ஊர்களில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கழுத்திலே தாடிமுகம் பதித்த பழுப்புச் சாடிகளைச் செய்தனர். பெல்லார்மைன் என்னும் கர்தினாலின் (1542–1621) பெயரால் அவற்றைப் பிற்காலத்தார் வழங்கினர்; அவர் பிறப்பதற்கு முன்னரே அம்முகங்கள் தோன்றியமையின் அப்பெயர் பொருந்தாப் பெயரே. 1629-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப்பாறையில் மோதி உடைந்த ‘பட்டேவியா’ என்னும் டச்சுக் கப்பலிலும் இச்சாடிகள் இருந்தன. இவற்றின் மெருகு உப்பு மெருகு. சூளை கொதிநிலை எய்திய காலத்தே கறியுப்பை அள்ளி எறிவர். உப்பு ஆவியாகி மண்ணிலுள்ள மணற்சத்தொடு கூடிக் கண்ணாடியாய்ப் படியும். அத்தோல் நாரத்தம்பழத் தோலைப்போற் சிறுபுள்ளி செறிந்திருக்கும். இலண்டன் லாம்பெத்தில் 1815-இல் தொழில் தொடங்கிய டோல்டன் நிறுவனத்தாரும் இவ்வுப்பு மெருகில் உருவச் சாடிகள் பல செய்தனர். ஆகவே பழுப்புச் சாடியைக் கண்டால் விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். புள்ளி செறிந்து தோன்றின் உப்பு மெருகு. வெல்லப்பாகு வழிந்தாற்போல் வழவழவென்றிருப்பின் மாங்கனீசு கலந்த ஈய மெருகு. பின்னதற்கு ராக்கிங்காம் மெருகு என்று பெயர்.

பொருளை அடுத்து ஆராயத்தக்கது செய்முறை. டோபி சக்கரத்தில் வனையப்படுவதன்று, அச்சிற் செய்யப்படுவது. 18-ஆம் நூற்றாண்டிற் பாரிஸ் சாந்தினாலாய அச்சின் இருபாதிகளிலும் பிசைந்த களிமண்ணை விரலால் அழுத்தி, இரண்டையும் பொருத்தி, கை, தொப்பி, கைப்பிடி முதலியவற்றைத் தனித்தனியே ஒட்டினர். அழுத்திய மண் ஓரிடத்திற் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். உள்ளே விளக்கொளி செலுத்தி நோக்கினால் விரற்சுவடும் ஈரப்பஞ்சு கொண்டு துடைத்த வரியும் தெரியும். வெளியே மூக்கு நீண்டிருந்தும் உள்ளே அதற்கேற்ற குழி ஆழமாய் இராது. பிற்காலத்துச் சாடிகளோ மண்குழம்பை அச்சில் ஊற்றிச் செய்யப்பட்டவை. சாந்து நீரை உறிஞ்ச, அச்சின் சுவரில் ஒரே தடிப்பாய் மண் படியும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுவர். இவற்றின் அகம் புறத்தை அப்படியே பின்பற்றும். முழங்கை புடைத்த இடத்தில் உள்ளே பள்ளம். மூக்கிற்கு நேரே சிறு குகை. எடையும் குறைவு. குழம்பு வார்க்கும் முறை 18-ஆம் நூற்றாண்டிலும் அறியப்படாததன்று. எனினும் தொழிற்சாலைகளிற் பெருவழக்காயது 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின்னரே. ஆதலின் இச்சான்றைத் தனியே கொண்டு தீர்ப்புக் கூறாது, மற்றவற்றொடு சேர்த்துக் கொள்க.

இவ்விடத்தே தமிழ் பயில்வோர்க்கு மிக விளங்கக்கூடிய ஒரு நுட்பம் உளது. களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும்; அச்சினின்று வெளிவந்த உருவம் சூளையினின்று வெளிவரும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பழைய அச்சு கிட்டாத ஒருவன், பழைய சாடியையே அச்செடுத்து மற்றொன்று செய்வானாயின், அவன் சாடி மூலத்தினும் பத்தில் ஒரு பங்கு சிறிதாகும். அதனையும் ஒருவன் அச்செடுப்பின் அது மேலுஞ் சிறிதாகும். அளவோடு தெளிவும் குன்றும்: கண்ணிமை மழுங்கும், பொத்தான்கள் கரையும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும். ஏட்டுச்சுவடியைப் பார்த்து ஏடெழுதுவோர் ஒவ்வொருவரும் ஓரெழுத்தையேனும் மாற்றிவிடுதலும், பிரதியின் பிரதியில் அடியே விழுந்துவிடுதலும் நாம் அறிந்தவை அல்லவோ? பல ஏடுகளை ஒப்புநோக்கி மூலத்தை அணுகிய உ. வே. சாமிநாதையர் போன்றார் செய்த வேலையையே, சாடி ஆராய்வோர் அளவுகோல் கொண்டு செய்கின்றனர். மூலத்தின் அளவு தெரிந்தால் பிரதி தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

எம் விடுதி நண்பர் ஒருவரின் கொள்ளுப்பாட்டனார் 1948-இல் உதகை மலையில் ஒரு தோட்டத்துரையின் பங்களாச் சாமான் ஏலத்தில் டோபி ஒன்றை எடுத்தனர். அது 1770-ஆம் ஆண்டினது என்று விற்றவர் கூறிய சொல் மூன்று தலைமுறையாய் அக்குடும்பத்தில் வழங்கிவந்தது. தங்கையின் மேற்படிப்பிற்கு அதனை விற்கலாமென்று அவர்கள் எண்ணியபோது யாம் உடனிருந்து பார்க்க நேர்ந்தது. முகம் பழையது, வண்ணமும் வழிந்த வண்ணமே. ஆனால் உயரம் 9 அங்குலத்திற்குச் சிறிது குறைவு. உள்ளே விளக்குச் செலுத்தினால் மூக்கிற்கு நேரே குகை. அடியிலோ, எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு பகுதி உரைத்துத் தேய்க்கப்பட்டிருந்தது. கூடத்தில் எவரும் பேசவில்லை. நண்பரின் பாட்டியார் மட்டும், “ஐயா வாங்கினது ஐயா வாங்கினதுதானே” என்று கூறிச் சாடியை வாங்கித் துடைத்து மீண்டும் அலமாரியில் வைத்தனர். தங்கையின் கட்டணத்திற்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அடியை உரைத்தவன் எதை மறைத்திருப்பான் என்பதைக் குறிகளைப் பற்றி அறிந்தார் எளிதிற் கருதலாம். 1890-இல் அமெரிக்க நாட்டார் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டத்தின்படி, 1891 முதல் அந்நாட்டிற்குச் செல்லும் பொருள்களிற் பிறந்த நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும். ஆதலின் ‘இங்கிலாந்து’ என்னும் சொல் பெரும்பாலும் அவ்வாண்டிற்குப் பிற்பட்டதைக் காட்டும். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்பது 20-ஆம் நூற்றாண்டின் வழக்கு. ஜப்பான் நாட்டுக் கலங்களில் ‘நிப்பான்’ என்றிருப்பின் 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது, அதன்பின் ‘ஜப்பான்’. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றிருப்பின் இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கப்படை அந்நாட்டிலிருந்த காலத்தது, 1952-க்குப் பிற்பட்டதன்று. சாய்சதுர வடிவிற் பதிவுக்குறி இருப்பின் 1842-க்கும் 1883-க்கும் இடையிற் பதிந்த உருவம். 1884 முதல் தொடர் எண் இட்டனர்.

டோல்டன் நிறுவனத்தாரின் சாடிகளை அறிதல் எளிது. 1901-இல் அரச உரிமை பெற்றமையின் ‘ராயல் டோல்டன்’ என்றும், முடியும் சிங்கமும் பொறித்தும் விடுத்தனர். அந்நிறுவனத்துக் கலைத்தலைவர் சார்லஸ் நோக் 1934-இல் ‘ஜான் பார்லிகார்ன்’ என்னும் தலைச்சாடியை வெளியிட்டார். டோபியில் முழுவுருவமும் இருக்கும். இப்புதுவகையில் தலையும் தோளும் மட்டுமே. டிக்கன்ஸ் கதைமாந்தர் பலர் இவ்வாறு சாடியாயினர். 1928-க்குப் பிற்பட்ட சில பத்தாண்டுகளில் குறியின் வலப்பால் ஒரு சிற்றெண் உண்டு. அதனை 1927-ஓடு கூட்டினால் செய்த ஆண்டு கிடைக்கும். 13 எனின் 1940. பர்ஸ்லம் நகரத்து அத்தொழிற்சாலை 2005-இல் மூடப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் டோபிகளிற் பெரும்பாலனவற்றிற் குறியே இல்லை. குறியில்லாக் கலத்திற்குப் பெருமை தேடுவோர் புகழ்பெற்ற பெயரொன்றை அதன்மேல் ஏற்றுதல் இயல்பு. டோபியைப் பொறுத்தவரை அப்பெயர் பர்ஸ்லம் நகரத்து ரால்ப் வுட் (1715–1772) என்பது. அவர் மகனும் அப்பெயரினரே (1748–1795). உடன்பிறந்தார் ஆரன் வுட் அச்சு வெட்டுவதில் வல்லவர். ஆரன் மகன் ஈனக் வுட் (1759–1840) பெருந்தொழிலாளர். ‘ரா. வுட், பர்ஸ்லம்’ என்று அழுத்திய குறியுடைய கலங்கள் சில உள. அவற்றைப் போன்ற மெருகுடைய குறியில்லாக் கலங்களையெல்லாம் மூத்த ரால்ப் கைவேலை என்றே முன்னையோர் எழுதிவைத்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் அதனை ஒப்பாது, ‘வுட் வகை’ என்று மட்டும் கூறுகின்றனர். பிராட், வீல்டன், ராக்கிங்காம் என்பனவும் அவ்வாறே. பிராட் என்பார் ஒரு குயவர்; அவர் பெயரால் வழங்குங் கலங்களைச் செய்தாரோ பற்பலர். ராக்கிங்காம் தொழிற்சாலை 1842-இல் மூடப்பட்டது. அப்பெயர் கொண்ட மெருகோ அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துப் பென்னிங்டன் ஊர்வரை சென்று, ஆண்டும் டோபிகளின் மேல் வழிந்தது. நம்மூரிலும் ஆக்கியோன் பெயர் தெரியாத தனிப்பாட்டெல்லாம் ஔவையார் பாட்டாகிவிடுதல் இல்லையோ! ஔவையார் பலர் எனத் தெளிந்தபின்னும், கேட்டார் மகிழ்ச்சிக்காக ஒருவராகவே சொல்லிவருகின்றோம்.

ஊர் மெய்யாயினும் காலம் பொய்யாதலும் உண்டு. பர்ஸ்லம் நகரத்திலேயே வில்லியம் கெண்ட் என்பாரின் தொழிற்சாலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1962 வரை பழைய அச்சுக்களைக் கொண்டே டோபிகளைச் செய்துவந்தது. அவை மோசடி அல்ல. நேர்மையாய் விற்கப்பட்ட பொருள்களே. ஆனால் கைமாறிக் கைமாறி வரும்போது வயது கூடிவிடுகின்றது. மெருகில் மயிரிழை போல் வெடிப்பு ஓடியிருத்தலைப் பழமைக்குச் சான்றாகக் காட்டுவர், அது சான்றாகாது. மண்ணும் மெருகும் வேறு வேறு அளவிற் சுருங்குதலால் புதுக்கலத்திலும் வெடிப்பு ஓடும். தேயிலைச் சாயத்தில் தோய்த்தால் அது பழுப்பேறும். அடித்தேய்வை நோக்குக. பலகையிற் பல்லாண்டு இருந்த கலத்தின் தேய்வு ஒழுங்கற்றது, மேடுகளில் மட்டும் உளது. உப்புத்தாளால் தேய்த்த கீறல்கள் ஒருமுகமாய் ஓடும்.

கண்ணும் விரலும் தீர்க்கமாட்டாத ஐயத்தை ஆய்வுக்கூடம் ஓரளவு தீர்க்கும். எக்ஸ் கதிரைச் செலுத்தினால் மெருகிலும் வண்ணத்திலும் உள்ள தனிமங்கள் தத்தம் கதிரை வெளியிட்டுத் தம்மை அறிவிக்கும், கலத்திற்குச் சேதமில்லை. குரோமியம் என்னும் தனிமத்தை வாக்லேன் என்னும் பிரெஞ்சு வேதியியலார் கண்டறிந்தது 1797-இல். அதனாலாய பச்சை வண்ணம் 19-ஆம் நூற்றாண்டிற்கு உரியது. 1770-ஆம் ஆண்டினது என்னும் டோபியின் பச்சை மேலங்கி செம்பைக் காட்டாது குரோமியத்தைக் காட்டுமாயின் வழக்கு முடிந்தது. வெப்ப ஒளிர்வு என்பது மற்றொரு முறை. மண்ணிலுள்ள படிக மணிகள் இயற்கைக் கதிர்வீச்சின் ஆற்றலை ஆண்டுதோறும் சேர்த்துவைக்கும். சூளைத்தீ அதனை முற்றும் வெறுமையாக்கும். பின்னர்ச் சேர்ந்த ஆற்றலை மீண்டும் சூடாக்கி ஒளியாய் அளந்தால், கடைசியாகச் சுட்ட காலம் தெரியும். இதற்குச் சாடியினின்று சிறிது பொடி துளைத்தெடுத்தல் வேண்டும். இருநூறாண்டுக் கலத்தையும் இருபதாண்டுக் கலத்தையும் இது பிரித்துக்காட்டும். 1780-ஐயும் 1790-ஐயும் பிரித்துக்காட்ட வல்லதன்று. புற ஊதா விளக்கின் கீழ் நோக்கினால் பிற்காலத்தே ஒட்டிப் பூசிய இடங்கள் வேறொளி வீசும். முறிந்த புகைக்குழலும் மாற்றிய கையும் அப்போது வெளிப்படும். இவ்வாராய்ச்சியில் ஈடுபடுவோர் ஒன்று மறவாதிருப்பாராக: பழைய மெருகு ஈயமெருகாதலின் அச்சாடியில் நீரும் மோரும் ஊற்றிக் குடித்தல் ஆகாது.

அவ்வீயம் குடித்தவரினும் செய்தவரையே மிகுதியும் வருத்திற்று. மெருகுக் குழம்பில் நாள்முழுதும் கைதோய்த்து நின்றவர்க்கு ஈயநோய். சக்கிமுக்கிப் பொடியை மூச்சிழுத்தவர்க்கு நுரையீரல் நோய். நிறைந்த அச்சுக்களைச் சுமந்துகொண்டு பலகையினின்று உலர்த்தும் வெப்ப அறைக்கும், ஆண்டிருந்து பலகைக்கும் ஓடுவதற்குச் சிறுவரை வைத்திருந்தனர். 1840-ஐ அடுத்த ஆண்டுகளில் பார்லிமெண்டு அமைத்த குழுவினர் அச்சிறுவரை நேரிற் கண்டு வினவி எழுதிய அறிக்கைகள் இன்றும் உள. டோபியின் கன்னத்திற்குச் செம்மை தீட்டியவர் யாவர், தொப்பியை ஒட்டியவர் யாவர் என்பதற்கு அச்சாடிகளின் அடியில் ஓரெழுத்தும் இல்லை. குறியுள்ள கலத்திலும் இருப்பது முதலாளியின் பெயரே.

ஆதலின் நல்ல அருங்காட்சியகத்தார் பெயர் ஏற்றும் வேலையிற் புகுவதில்லை. சாடியின் அருகே அவர்கள் வைக்குஞ் சீட்டு பெரும்பாலும் இவ்வளவே கூறும்: “டோபிச் சாடி. ஸ்டாபர்ட்ஷயர், 1785–1800 அளவில். முத்து வெண்கலம், மெருகின் கீழ் வண்ணம். அச்சில் அழுத்திச் செய்தது. குறி இல்லை, செய்தோர் பெயர் தெரியவில்லை. மூடி பிற்காலத்தது.”